வரி தாவும் கண்

கண் டாக்டர் கொடுத்த சீட்டை என் புருஷன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். "தலையில அடிபட்டுச்சாமே, இப்ப எப்படி?" என்று யாராவது கேட்டால் வாயைத் திறக்க மாட்டார், சீட்டை எடுத்து நீட்டுவார். இரண்டு கண்ணிலும் பழுதில்லை, கடைசி வரி வரை எழுத்து தெரிகிறது என்று அதில் எழுதியிருந்தது. எழுதியிருந்தது என்று நான் சொல்கிறேன். அவருக்கு அது டாக்டர் வாயால் சொல்லிக் கேட்டதுதான்.

நான் துணிக்கடைக்காரர் மகள். எங்கள் வீட்டில் உப்பு வாங்கப் போனாலும் "வேண்டாம் போ" என்று இரண்டு தடவை படி இறங்கித் திரும்பி ஏறித்தான் வாங்குவோம். சரக்கைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்க்கப் பழகியவர்கள். துணியைப் பார்க்கிறவன் யார், பார்ப்பதுபோல நிற்கிறவன் யார் என்று எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். அதனால்தான் அவர் பேப்பர் படிக்கிற லட்சணம் எனக்கு உறுத்தியது. நிஜமாகப் படிக்கிறவர் ஒரு பக்கத்தில் தேங்குவார், இன்னொன்றைப் புரட்டித் தள்ளுவார். இவர் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்தார், கூட்டுக் குடும்பத்தில் சோறு பரிமாறுகிற மாதிரி.

அவர் பத்திரம் எழுதுகிறவர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே வரிசையாக எட்டுக் கடை, அதில் மூன்றாவது எங்களுடையது. மற்ற ஏழு கடையிலும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, "இங்க, இங்க, இங்க" என்று விரல் காட்டுவார்கள். வந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இவர் கடையில் அது நடக்காது. வாங்குகிறவர், விற்கிறவர் இரண்டு தரப்பையும் உட்காரவைத்து, தாள் பறக்காமல் மின்விசிறியை நிறுத்திவிட்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உரக்க வாசிப்பார். வாசித்து முடித்த பிறகுதான் பேனாவின் மூடியே திறக்கும். முக்கால் மணி நேரம் ஆகும், வியர்த்துக் கொட்டும். "அவர் கடையில பத்திரம் எழுதினா கச்சேரி ஓசி" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி பேசுவார்கள். ஆனாலும் சொந்தச் சகோதரனை நம்பாதவர்கள்கூட இவர் குரலை நம்பி வந்தார்கள். இருபத்தாறு வருஷமாக.

பதிவு அலுவலகப் படியில் ஈரம் இருந்தது. வழுக்கி விழுந்ததில் பின்மண்டை படிவிளிம்பில் மோதியது. மூளையில் கொஞ்சம் இரத்தக் கசிவு, அறுவை வேண்டாம், தானாக வற்றிவிடும் என்று நாலு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். நடந்தார், பேசினார், என் சமையலில் குறை கண்டார். சரியாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். மூன்றாவது வாரமே கடையைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. கொஞ்சம் படித்தால் தலைவலி. இன்னும் கொஞ்சம் படித்தால் குமட்டல். மருந்துப் பெட்டியில் இருந்த தாளைக் கொடுத்து, "இதை எத்தனை வேளை சாப்பிடணும்னு போட்டிருக்கு பாருங்க" என்றால், "பொடி எழுத்து, நீயே பாரு" என்பார்.

கண் பயிற்சி தருகிற பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பேரம் பேசித்தான் அவரை அங்கே இழுத்துக்கொண்டு போனேன். ஒரு தடவை வந்தால் ஒரு மாதம் நச்சரிக்க மாட்டேன் என்பது ஒப்பந்தம்.

அவள் முதலில் என்னைத்தான் உட்காரவைத்தாள். கண்ணின் அசைவைப் பிடிக்கிற கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டு, ஒரு பத்தி படிக்கச் சொன்னாள். பிறகு அவர். இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினாள். என் கண் படிக்கட்டில் இறங்குகிற மாதிரி குதித்துக் குதித்துப் போயிருந்தது. வரி முடிந்ததும் ஒரே தாவலில் அடுத்த வரியின் தலைக்கு வந்திருந்தது. அவருடையது வெந்நீர் கொட்டிய எறும்புப் புற்று. முன்னே போகிறது, பின்னே வருகிறது, வரி முடிந்ததும் அடுத்த வரியை விட்டு மூன்றாவது வரியின் நடுவில் விழுகிறது.

"கண்ணு வழுக்கிக்கிட்டே போற மாதிரி நமக்குத் தோணும்மா. போகாது. ஒரு குதி, ஒரு நிப்பு. நிக்கும்போதுதான் படிக்குது. அடுத்து எங்க குதிக்கணும்னு மூளைதான் சொல்லணும். சாருக்கு அந்தச் சொல்ற இடம் அடிபட்டிருக்கு."

"கடைசி வரி வரைக்கும் படிச்சேனே?" என்று சீட்டை எடுத்து நீட்டினார்.

"அது ஒவ்வொரு எழுத்தா காட்டுறது சார். குதிக்க வேண்டிய வேலையே இல்ல. நிறுத்தி வச்ச வண்டிக்கு டிரைவர் எதுக்கு?"

மணி கோத்த நூல் ஒன்று கொடுத்தாள். மூக்குநுனியில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மணியாகப் பார்க்க வேண்டும். நடுவில் நீளமாக வெட்டிய கறுப்பு அட்டை ஒன்று கொடுத்தாள். தாள்மேல் வைத்தால் ஒரே ஒரு வரிதான் தெரியும். பத்து நிமிஷம் படிப்பு, பத்து நிமிஷம் ஓய்வு. ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகலாம், முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றாள். "தொழில் படிப்பெல்லாம் இப்ப வேண்டாம் சார்."

"நான் தினமும் வாசிச்சுட்டுத்தாம்மா இருக்கேன். யாரும் ஒரு குறை சொல்லல."

வெளியே வந்ததும், "சின்னப் பொண்ணு. கண்ணாடி விக்கப் பாக்குது" என்றார்.

"கண்ணாடியே எழுதித் தரலையேங்க."

"அடுத்த தடவை எழுதும்."

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்குப் புதிராகவே இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை என்பது உண்மை. கடை வாசலில் நின்று நானே கேட்டிருக்கிறேன். தடுமாற்றமில்லாமல் தண்ணீர் மாதிரிதான் ஓடியது. திரையில் பார்த்த கண்ணை வைத்துக்கொண்டு அப்படி எப்படி வாசிக்க முடியும்?

கடையில் அவரோடு இன்னொருவர் இருக்கிறார். ரப்பர் முத்திரைகளெல்லாம் அவர் பொறுப்பு என்பதால் எல்லோருக்கும் அவர் முத்திரை. பத்திரத்தைக் கம்ப்யூட்டரில் அடிப்பது அவர்தான். பழைய பத்திரம் ஒன்றைத் திறந்து, பெயரையும் எல்லையையும் மாற்றி அடித்துவிடுவார். "நான் வேகமா அடிப்பேன் அண்ணி. தப்பிருந்தா அண்ணன் வாசிக்கும்போது புடிச்சுருவாரு" என்பது அவர் வேதம். அவரிடம் போய், பழைய கிரயப் பத்திரம் ஒன்றில் நான் சொல்லும் ஒரு வரியை மூன்றாம் பக்கத்தில் சேர்த்து அடித்துத் தரச் சொன்னேன்.

வரியைக் கேட்டுவிட்டு முத்திரை மேஜையில் தலை வைத்துச் சிரித்தார். "அண்ணனோட விளையாட்டா அண்ணி?"

"ஆமா."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை என் புருஷன் கையில் கொடுத்து, "வாசிங்க, கேட்டு ரொம்ப நாளாச்சு" என்றேன். அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். இன்ன தேதியில் இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்த சுத்தக் கிரயப் பத்திரம் என்னவென்றால். முதல் பக்கம் போயிற்று, இரண்டாம் பக்கம் போயிற்று. மூன்றாம் பக்கத்தில் நான் சேர்த்திருந்தது இது: மேற்படி எழுதிக் கொடுப்பவர் தன் இடது பக்க மீசையையும் வாங்குபவருக்கு விட்டுக்கொடுத்து, வலது பக்க மீசையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்வார்.

அவர் குரல் அந்த இடத்தைக் கடந்து போயிற்று. யாதொரு வில்லங்கமும் இல்லை என்றும், பின்னிட்டு ஏதும் தோன்றினால் தானே முன்னின்று தீர்த்துக் கொடுப்பதாகவும், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது என்றும் கம்பீரமாகப் போயிற்று. மீசையைக் காணோம். தொண்டைவரை வந்திருந்த சிரிப்பு எனக்கு உள்ளேயே இறங்கிவிட்டது. பத்திரத்துக்குத் தெரிந்ததெல்லாம் நூறு வாக்கியம். இருபத்தாறு வருஷத்தில் அந்த நூறும் அவர் நாக்கில் ஏறி உட்கார்ந்திருந்தன. பெயரும் எல்லையும் வந்தவர்கள் வாயால் சொல்லும்போதே மனசில் பதித்துக்கொள்வார். கண் தாளில் தடுக்கி விழுந்துகொண்டிருக்க, வாய் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

நான் அந்த வரியில் விரலை வைத்தேன். "இதை வாசிங்க."

என் விரலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் போனார். மீசைக்கு வந்ததும் நின்றார். மறுபடி முதலிலிருந்து போனார். முகம் வெளுத்தது, அப்புறம் கறுத்தது.

"உங்கப்பன் கடை புத்தி."

"ஆமாங்க. மடிச்சு வச்ச துணியைப் பிரிச்சுப் பாக்குற புத்தி. கிழிசல் மடிப்புக்குள்ளதான இருக்கும்?"

தாளை நாலாக மடித்து மேஜைமேல் வைத்தார். பிறகு, "வியாழக்கிழமை ஒரு பத்திரம் இருக்கு. அது முடியட்டும்" என்றார்.

"முத்திரை வாசிக்கட்டும்."

"விக்கிறவரோட அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசிச்சாத்தான் கைநாட்டு வைப்பேன்னு சொல்லிட்டு வருது." கொஞ்சம் நிறுத்தி, "வாசிக்கலன்னா நான் யாருடி? மத்த ஏழு கடையோட எட்டாவது" என்றார்.

நான் மாட்டேன் என்றேன். அவர் கெஞ்சவில்லை, கெஞ்சியிருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும். கடைசியில் அவர் வாசிப்பது, நான் பின்னால் நின்று தாளைப் பார்த்துக்கொள்வது என்று படிந்தது. பேரம் நியாயமாகப் படிந்தால் இரண்டு பேரும் முகத்தைச் சுளிக்க வேண்டும் என்பார் எங்கள் அப்பா. சுளித்தோம்.

வியாழக்கிழமை வந்தவர்கள் மூன்று பேர். விற்கிறவர் லாரி ஓட்டுகிற ஒருவர். அவருடைய அக்கா, வீட்டோடு இருந்து துணி தைக்கிறவர், விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளி. வாங்குகிறவர் டயர் கடைக்காரர். வீட்டைத் தம்பி விற்கலாம், ஆனால் பின்பக்க அறையில் அக்கா தன் ஆயுள் உள்ளவரை இருப்பார், யாரும் எழுப்பக் கூடாது என்பது பேச்சு. அதற்காகவே அக்கா ஆறு மாதம் சம்மதம் கொடுக்காமல் இழுத்தடித்தாராம். எனக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று.

"சீக்கிரம் போயிடுவேன்னு மனசுல வச்சுக்கிட்டு வாங்காதப்பா. எங்கம்மா தொண்ணூத்தி மூணு" என்றார் டயர் கடைக்காரரிடம்.

"இருங்கக்கா. உங்ககிட்ட பேச்சுக் கத்துக்கிட்டா எனக்கு ரெண்டு டயர் கூட விக்கும்."

முத்திரை மின்விசிறியை நிறுத்தினார். என் புருஷன் வாசிக்க ஆரம்பித்தார். நான் பின்னால் நின்றேன். முதல் பக்கம் சரி. இரண்டாம் பக்கத்தில் கண் எங்கேயோ, வாய் எங்கேயோ. ஆனால் வாய் சொன்னதுதான் தாளிலும் இருந்தது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மூன்றாம் பக்கத்தில் அவர் குரல் தெளிவாகச் சொன்னது: "மேற்படி வீட்டின் பின்பக்க அறையில் விற்பவரின் சகோதரி தன் ஆயுள் உள்ளவரை குடியிருந்து அனுபவித்து வருவார்."

தாளில், இன்று முதல் ஆறு மாத காலம் வரை என்று இருந்தது.

வஞ்சகம் ஒன்றும் இல்லை. முத்திரை திறந்த பழைய பத்திரத்தில் ஒரு வாடகைக்காரன் இருந்திருக்கிறான். அவனுக்கு ஆறு மாத அவகாசம். ஆளை மாற்றியவர் காலத்தை மாற்ற மறந்திருக்கிறார். இந்த மாதிரி தப்பு இந்தக் கடையில் இருபத்தாறு வருஷமாக நடந்துகொண்டுதான் இருந்திருக்கும். வாசிக்கும்போது பிடிபடும், திருத்துவார்கள், டீ குடிப்பார்கள்.

அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"அந்த இடத்தை இன்னொரு தடவை வாசிங்க. அக்காவுக்குச் சரியாக் கேக்கல" என்றேன்.

"எனக்கு நல்லாத்தாம்மா கேட்டுச்சு" என்றார் அக்கா.

அவர் மறுபடி வாசித்தார். ஆயுள் உள்ளவரை. அதே சுதி, அதே நிறுத்தம்.

"எனக்குக் கேக்கல" என்றேன்.

இப்போது அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினால் குரலில் எங்கே முடிச்சு இருக்கிறது என்று தெரிந்துவிடும். தாளில் விரலை வைத்தார். விரல் அலைந்தது. வரி கிடைக்கவில்லை. விசிறி வேறு நின்றுபோயிருந்ததால் தாளில் விரல் உரசும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சட்டைப்பையிலிருந்து அந்தக் கறுப்பு அட்டையை எடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வரிமேல் வைத்தார்.

"ஆறு," என்று வாசித்தார். "மாத. காலம்."

முத்திரை சட்டென்று எழுந்தார். "அடிச்சதுல தப்பு அண்ணே, என் தப்பு. ரெண்டு நிமிஷத்துல மாத்திடறேன்." டயர் கடைக்காரர், "அதுக்குத்தான இவர்கிட்ட வர்றது, கண்ணு பாருங்க" என்று சிரித்தார். தம்பியும் சிரித்தார். எல்லோரும் சேர்ந்து ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டார்கள். அதன் வழியாக நாங்கள் கௌரவமாக வெளியே போயிருக்கலாம். நான் பாதி காலை எடுத்தும் வைத்துவிட்டேன், "டீ சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"தம்பி, காகிதத்துல ஆறு மாசம்னு இருந்தா, நீங்க ஆயுள்னு எப்படி வாசிச்சீங்க? அதுவும் ரெண்டு தடவை?"

படிக்கத் தெரியாதவர் கேட்ட கேள்வி. படித்தவர்கள் யாரும் கேட்டிருக்கவில்லை.

என் புருஷன் அட்டையைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு, "நான் வாசிக்கலக்கா. சொன்னேன்" என்றார். "விழுந்ததுலேருந்து என்னால வாசிக்க முடியல. வரி நிக்க மாட்டேங்குது. தெரிஞ்சதை வச்சு சொல்லிட்டு இருக்கேன்."

"எப்பலேருந்து?" என்று டயர் கடைக்காரர் கேட்டார். முகத்தில் சிரிப்பு மிச்சமிருந்தது, குரலில் இல்லை. "போன மாசம் என் மச்சானுக்கு நீங்கதான் வாசிச்சீங்க."

"அதுவும்தான்."

முத்திரை திருத்தி அடித்தார். வாசித்தது நான். கடையில் ஒரு பெண் குரல் பத்திரம் வாசிப்பது அதுதான் முதல் தடவை. அவர் வாசிக்கிற மாதிரியே முதல் எழுத்திலிருந்து வாசித்தேன். அக்கா மூன்றாம் பக்கத்தை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு தம்பியிடம் கொடுத்து அவரையும் வாசிக்கச் சொன்னார். அதன் பிறகுதான் கட்டைவிரலை மையில் வைத்தார். போகும்போது என் புருஷனிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம், "உனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றார்.

விழுந்து வந்த பிறகு அவர் வாசித்த பத்திரம் பத்தொன்பது. பதினெட்டாக இருக்கும் என்று முத்திரை சொன்னார். எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது.

"அண்ணே, எல்லாம் பதிவாகிப் போனது. கிளறாதீங்க. ஒண்ணுலயும் தப்பில்லாம இருக்கலாம். நாமளே போய்ச் சொன்னா தெருவே சிரிக்கும்."

"நீ அடிச்சதுல தப்பில்லாம இருக்கலாமா?" என்று கேட்டார். முத்திரை நகல்களை அலமாரியிலிருந்து இறக்கி வைத்தார்.

மறுநாள் காலை கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். நகல்களை நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். நடுவில் மீசையைத் தடவுவார், தலையாட்டுவார், "ம், போ" என்பார். ஆறு பத்திரம் பழுதில்லாமல் போயிற்று. முத்திரை முகத்தில் இரத்தம் திரும்பியது. ஏழாவது, சைக்கிள் கடைக்காரர் ஒருவர் வாங்கிய மாடி வீடு. சொத்து விவரத்தில் இரண்டு அறை, சமையலறை, முன்பக்க வராந்தா என்று வாசித்துக்கொண்டு போனேன்.

"நிறுத்து. வராந்தாவுக்கு அப்புறம்?"

"கதவு, ஜன்னல், மின் இணைப்பு."

"படிக்கட்டு?"

மேலே தேடினேன், கீழே தேடினேன். "இல்லைங்க."

"கீழேருந்து ஏறுற படிக்கட்டும் சேர்த்துன்னு எங்கிட்ட சொன்னாங்க. நான் வாசிச்சேன். வராந்தா, வெளிப்படிக்கட்டு, கதவு, ஜன்னல். என் வாயால சொன்னது காதுல இருக்கு."

காகிதப்படி, அந்த சைக்கிள் கடைக்காரர் ஆயுள் சேமிப்பைக் கொட்டி, ஏற வழியில்லாத ஒரு மாடியை வாங்கியிருந்தார். வேறு சமயமாக இருந்தால் நான் நாலு நாள் சிரித்திருப்பேன்.

"வித்தவர் கீழ்வீட்டுலயா இருக்கார்?"

"கீழ்வீட்டையும் போன வாரம் வித்துட்டாரு அண்ணே" என்றார் முத்திரை, மேஜையைப் பார்த்துக்கொண்டு. "எதிர்க்கடையில எழுதுனாங்க. வேற ஆளுக்கு."

"சைக்கிள் கடைக்காரர் இப்ப எப்படிப் போறார்?"

"படியேறித்தான். கீழ்வீட்டை வாங்கினவர் இன்னும் தன் பத்திரத்தைப் படிக்கல போல, படிக்கட்டு இப்ப அவரோடதாச்சே."

என் புருஷன் எழுந்தார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எழுந்தால் அவருக்கு அப்போதெல்லாம் தலை சுற்றும். அந்த மனிதரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பேச்சுக்கு அவரிடம் வாக்கியம் எதுவும் மனப்பாடமில்லை.

"இன்னும் பன்னிரண்டு இருக்குங்க" என்றேன்.

"எடுத்துக்கோ. சைக்கிள் கடைக்குப் போறோம். பஸ்ஸுல வாசி."